மின்னாற் பகுத்த மேதை

நீரும் பாலும் கலந்து வைத்தால், நீரை நீக்கிப் பாலை மட்டும் பருகும் ஆற்றல் அன்னப்பறவைக்கு உண்டு என்று நம் முன்னோர் கூறினர். நன்மை தீமைகளைப் பிரித்தறியும் சான்றோர்க்கு அப்பறவையை உவமையாகவும் காட்டினர். பறவைக்கு அவ்வாற்றல் உண்டோ இல்லையோ, கலந்தவற்றைப் பிரிக்கும் கலையைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட அறிஞர் ஒருவர் சென்ற நூற்றாண்டில் வாழ்ந்தார். புகையினின்று தூசியையும், எண்ணெயினின்று நீரையும் அவர் மின்னாற்றலால் பிரித்துக் காட்டினார். அத்திறத்தால் தமக்கு வரவிருந்த பெரும்பொருளைப் பிறர் நலத்துக்கே உரியதாக்கினார். அவர்தாம் அமெரிக்க நாட்டு வேதியியல் அறிஞர் பிரெடரிக் கார்டனர் காட்ரெல்.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கலிபோர்னியா என்னும் மாநிலம் உள்ளது. அங்கே சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையில் அமைந்த ஓக்லண்டு நகரில், 1877-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 10-ஆம் நாள் காட்ரெல் பிறந்தார். இளமையிலேயே அவர் ஓய்ந்திருக்க அறியாதவர். நிழற்படம் பிடித்தல், மின்கருவிகளைப் பொருத்துதல், வேதிப்பொருள்களைக் கலந்து ஆராய்தல் ஆகியவற்றில் அவருக்கு ஆர்வம் மிகுந்திருந்தது. சிறு அச்சுப்பொறி ஒன்றைக் கொண்டு, தம்மையொத்த சிறுவர்க்கென ஓர் ஏட்டையும் அச்சிட்டு வந்தார். கற்றதனைக் கையாற் செய்து பார்க்க வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

பதினாறாம் வயதில் அவர் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்திற் சேர்ந்தார். மூன்றே ஆண்டுகளிற் படிப்பை முடித்து 1896-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். மேலும் கற்க ஜெர்மனி செல்லவேண்டும் என்பது அவர் விருப்பம். அக்காலத்தில் வேதியியற் கல்விக்குத் தலைசிறந்த இடமாக விளங்கியது அந்நாடே. ஆயின் அதற்கு வேண்டிய பொருள் அவரிடம் இல்லை. ஆதலின் 1897 முதல் 1900 வரை ஓக்லண்டு உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராகப் பணியாற்றிப் பொருளீட்டினார். பின்னர் ஜெர்மனி சென்று, பெர்லின் நகரில் வாண்ட்டாப் என்னும் பேராசிரியரிடமும், லைப்சிக் நகரில் ஆஸ்ட்வால்டு என்னும் பேராசிரியரிடமும் பயின்றார். இவ்விருவரும் வேதியியலுக்குரிய நோபல் பரிசு பெற்ற பெருமக்கள். 1902-ஆம் ஆண்டில் லைப்சிக் பல்கலைக் கழகம் காட்ரெலுக்கு டாக்டர் பட்டம் வழங்கியது. அவ்வாண்டே தாயகம் திரும்பித் தாம் பயின்ற பல்கலைக் கழகத்தில் ஆசிரியரானார். 1904-ஆம் ஆண்டில் செஸ்ஸி புல்டன் என்னும் மங்கையை மணந்தார்.

புகையைப் பிடித்த மின்சாரம்

விரிகுடாவின் கரையிற் பினோல் என்னும் ஊருக்கருகே வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே கந்தக அமிலமும் செய்யப்பட்டது. கந்தகப் புகையைப் பிளாட்டினம் என்னும் உலோகத்தின்மீது செலுத்தி அமிலம் செய்யும் முறையில் ஓர் இடையூறு நேர்ந்தது. புகையோடு கலந்து வந்த ஆர்சனிக் என்னும் நச்சுப்பொருள் பிளாட்டினத்தின் வினையூக்கும் ஆற்றலைக் கெடுத்தது. அந்நஞ்சை முன்னரே நீக்கும் வழியைக் காணுமாறு காட்ரெலை வேண்டினர். பல்கலைக் கழக ஊதியமோ சிறிது. தம் ஆராய்ச்சிச் செலவிற் பெரும்பகுதியைத் தாமே தாங்கி வந்தவர் அவர். ஆதலின் இப்பணியை மகிழ்ந்து ஏற்றார்.

முதலில் அவர் அமிலமூடுபனியைச் சுழற்றிப் பிரிக்கும் பொறி ஒன்றைச் செய்து பார்த்தார். அஃது அவருக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் மின்சாரத்தை நாடினார். மின்னூட்டிய முனையின் அருகே புகை விரைந்து படியும் என்பது 1824-ஆம் ஆண்டிலேயே லைப்சிக் நகரில் ஹோல்பெல்டு என்பவராற் காணப்பட்டிருந்தது. அவருக்குப்பின் இங்கிலாந்து நாட்டுப் பேரறிஞர் ஆலிவர் லாட்சு அதனை விரித்து ஆராய்ந்தார். அவர் வழிகாட்ட, 1885-ஆம் ஆண்டில் வேல்சு நாட்டு ஈயத் தொழிற்சாலை ஒன்றில் அம்முறை பெரிய அளவில் அமைக்கப்பட்டுத் தோல்வியுற்றது. கருத்திற் பிழையில்லை. அக்காலத்து மின்பொறிகளுக்குப் போதிய வலிமை இல்லாமையே தோல்விக்குக் காரணம். பிறர் கைவிட்ட அவ்வழியைக் காட்ரெல் மீண்டும் திறந்தார். அவர் காலத்தில் மின்மாற்றிகள் பெருகியிருந்தன. உயர் அழுத்தமுடைய மாறுதிசை மின்னோட்டத்தைச் சுழலும் தொடுகருவி ஒன்றினால் ஒரே திசையிற் செல்லுமாறு மாற்றி, அதனைப் புகையின் ஊடே செலுத்தினார்.

எனினும் மின்னூட்டம் கம்பியினின்று போதிய அளவு வெளிப்படவில்லை. ஒருநாள் இருண்ட ஆய்வுக்கூடத்தில் அவர் ஒரு புதுமையைக் கண்டார். பருத்தி நூல் சுற்றிய கம்பியொன்று நெடுகிலும் மெல்லிய ஊதா ஒளி வீசிற்று. நூலினின்று வெளியே நீட்டிக்கொண்டிருந்த நுண்ணிய பஞ்சிழைகள் ஒவ்வொன்றும் ஒரு கூர்முனையாக நின்று மின்னூட்டத்தை வெளிப்படுத்தின. ஈரம் ஏறிய பஞ்சிழையின் நுண்மை, மழமழப்பான உலோகக் கம்பியாற் செய்ய முடியாததைச் செய்தது. பிறர் கண்டும் காணாது விடத்தக்க அச்சிறு நிகழ்ச்சியே அவர் முயற்சிக்கு வழி திறந்தது. அமிலத்தையும் வெம்மையையும் தாங்கவல்ல இழைகளைக் கம்பியிற் பொருத்தி, மயிரடர்ந்த மின்வாய்களை அவர் அமைத்தார். 1908-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது.

இதன் பயன் விரைவிலே தெரிந்தது. விரிகுடாவின் கரையில் இருந்த செல்பி ஈய உருக்காலையின் புகையைக் குறித்து, அக்கம் பக்கத்து நிலவுடையோர் வழக்குத் தொடுத்திருந்தனர். அவ்வாலையினின்று எழுந்த அமில மூடுபனியைக் காட்ரெலின் கருவி அடக்கியது. தென் கலிபோர்னியாவில் ரிவர்சைடு நகரை அடுத்து ஆரஞ்சுத் தோட்டங்கள் மிகுதி. அங்கிருந்த சிமெண்டு ஆலையின் தூசி இலைகளிற் படிந்து மரங்களை வருத்திற்று. உழவர் மன்றேறி முறையிட்டனர். அங்கும் காட்ரெலின் முறையே துணைநின்றது. ஆலையும் தோட்டமும் ஒருங்கே வாழ வழி பிறந்தது. வீணாகக் காற்றிற் சென்ற தூசியிலிருந்து, முதல் உலகப் போர்க் காலத்தில், உரத்துக்கு வேண்டிய பொட்டாஷ் உப்பும் எடுக்கப்பட்டது.

எண்ணெயும் நீரும்

காட்ரெலின் முயற்சி புகையோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் மண்ணெண்ணெய், பெட்ரோல் முதலியவற்றுக்கு மூலமான கச்சா எண்ணெய்க் கிணறுகள் பல இருந்தன. அக்கிணறுகளினின்று எண்ணெய் தனித்து வருவதில்லை. நிலத்தடியிலுள்ள உப்பு நீரும் உடன் வரும். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்பதனை யாவரும் அறிவர். ஒரு கலத்தில் இரண்டனையும் ஊற்றி வைத்தால், எண்ணெய் மேலும் நீர் கீழுமாகப் பிரிந்து நிற்கும். ஆயின் கிணற்று எண்ணெயின் இயல்பு வேறு. மணலின் நுண்ணிய துளைகளையும் குழாய்களையும் கடந்து, வாயுவோடு மோதி மேலேறும்பொழுது, நீர் மத்தாற் கடையப்பட்டாற்போலச் சிதறிக் கண்ணுக்குத் தெரியாத துளிகளாகி எண்ணெயிற் பரவிவிடுகிறது. எண்ணெயிலுள்ள கீல் போன்ற பொருள்கள் ஒவ்வொரு துளியையும் மெல்லிய தோலெனச் சூழ்ந்துகொள்ளுகின்றன. துளிகள் ஒன்றையொன்று நெருங்கினும் அத்தோல் அவற்றைச் சேரவொட்டாது தடுக்கும். இக்குழம்பைப் பால்மம் என்பர். பல திங்கள் வைத்திருந்தாலும் தெளியாத பால்மங்களும் உண்டு.

நீர் கலந்த எண்ணெயால் விளையும் தீங்குகள் பல. பயனற்ற நீரைச் சுமந்து செல்லும் செலவு ஒன்று. நீரிலுள்ள உப்பு, எண்ணெயைக் காய்ச்சும்பொழுது அமிலத்தைத் தோற்றுவித்து இரும்புக் கலங்களை அரிப்பது மற்றொன்று. நீர் மிகுந்த எண்ணெயை வாங்குவார் இலர். கொதிக்கவைத்து நீரைப் போக்கலாம் எனினோ, விறகும் வீணாம். எண்ணெயின் இலேசான பகுதிகளும் ஆவியாகிப் போம். ஆதலின் எண்ணெய் இருந்தும் விற்க வழியின்றிக் கிணற்றுக்குரியோர் இடருற்றனர்.

இவ்விடரைத் தீர்க்கவும் மின்னாற்றல் உதவும் என்று காட்ரெல் கருதினார். பக்னர் ஸ்பீடு என்னும் பொறியாளர் அவருக்குத் துணையாயினார். புகைக்குச் செய்ததனையே எண்ணெய்க்கும் அவர்கள் செய்தார்களல்லர். புகையில், தூசிக்கு மின்னூட்டம் தந்து அதனைச் சுவரை நோக்கித் தள்ளுதலே முறை. எண்ணெயில், நீர்த்துளிகளைச் சுவருக்குத் தள்ள வேண்டுவதில்லை. ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாற் போதும். அதன்பின் நிலத்தின் ஈர்ப்பே எஞ்சிய வேலையைச் செய்துவிடும்.

இதன் உண்மையை ஒரு கணக்கால் அறியலாம். எண்ணெயில் இறங்கும் துளியின் விட்டம் இருமடங்கானால், அது இறங்கும் வேகம் நான்கு மடங்காகும்; விட்டம் பத்து மடங்கானால், வேகம் நூறு மடங்காகும். ஆயிரம் சிறு துளிகள் கூடி ஒன்றானால், அத்துளியின் விட்டம் முன்னையதினும் பத்து மடங்காயிருக்கும். எனவே, தனித்தனியே நூறு நாளில் இறங்கக்கூடிய தொலைவை, ஒன்றுகூடியபின் ஒரே நாளில் இறங்கிவிடும். சேர்க்கையே பிரிவினைக்கு வழியாவது வியப்பன்றோ!

துளிகளைச் சேர்ப்பது எவ்வாறு? எண்ணெயினுள் இரண்டு மின்வாய்களை எதிரெதிரே நிறுத்தி, அவற்றினிடையே உயர் மின்னழுத்தத்தை ஏற்றினால், இடைப்பட்ட வெளி முழுவதும் மின்விசை பரவும். இவ்வெளியை மின்புலம் என்பர். எண்ணெய் மின்சாரத்தைத் தன்னுட் செல்லவிடாது. உப்பு நீரோ எளிதிற் செல்லவிடும். ஆதலின் மின்புலத்தில் அகப்பட்ட ஒவ்வொரு நீர்த்துளியிலும் ஒரு முனை நேர்மின் உடையதாகவும், மறுமுனை எதிர்மின் உடையதாகவும் ஆகின்றன. ஒரு துளியின் நேர்முனை அடுத்த துளியின் எதிர்முனையைத் தன்பால் ஈர்க்கிறது. துளிகள் நூலிற் கோத்த மணிகளைப்போல வரிசையாக நிற்கின்றன. அவற்றினிடையே உள்ள தோல் கிழிகிறது. இரு துளிகள் ஒன்றாகின்றன. ஒன்றான துளி மேலும் பலவற்றை ஈர்த்துப் பெருகி, முடிவிற் கனத்தால் அடியிற் போய்ச் சேர்கிறது.

இதற்கு மாறுதிசை மின்னோட்டமே போதும். மின்னோட்டத்தின் திசை மாறும்பொழுது ஒவ்வொரு துளியின் இரு முனைகளும் ஒருங்கே மாறுகின்றன. ஆதலின் அவற்றினிடையே உள்ள ஈர்ப்பு மாறுவதில்லை. ஓர் இடையூறு மட்டும் உண்டு. மணிக்கோவை போன்ற துளிவரிசை ஒரு மின்வாயினின்று மற்றதனைத் தொடுமளவுக்கு நீண்டால், மின்சாரம் அதன் வழியே பாய்ந்துவிடும், மின்புலம் தளர்ந்துபோம். அவ்வரிசையைக் குலைக்கும் வகைகளையும் அவர்கள் எண்ணிப் பார்த்தனர். 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்முறைகளுக்குக் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. இதனைத் தொழிலாக நடத்தக் கலிபோர்னியாவில் ஒரு நிறுவனமும் எழுந்தது.

எண்ணெயினுள் நீர் துளித்துளியாக இருக்குமிடத்திலேயே இம்முறை செல்லும். நீர் பெருகி, அதனுள் எண்ணெய் துளியாகக் கிடந்தால், மின்சாரம் நீரின் வழியே ஓடிவிடுமாதலின் இம்முறை பயன்படாது. எனினும் தனக்குரிய இடத்தில் இதன் பயன் பெரிது. இன்றும் உலகெங்கும் எண்ணெய் தூய்மை செய்யும் ஆலைகளில், கச்சா எண்ணெயோடு சிறிது நன்னீரைக் கலந்து, அதிலுள்ள உப்பை அந்நீரில் ஏறச்செய்து, பல்லாயிரம் வோல்ட் அழுத்தமுடைய மின்புலத்தில் நிறுத்தி நீரைப் பிரித்தெடுக்கின்றனர்.

பொருளை வேண்டாத உள்ளம்

புகையடக்கும் கருவியை வேண்டிப் பல ஆலையினர் காட்ரெலை நாடினர். அவர் வேண்டியிருந்தால் பெருஞ்செல்வராகியிருக்கலாம். செல்வத்தின் அருமையை அறியாதவரல்லர் அவர். பொருளின்மையால் மூன்றாண்டுகள் மேற்படிப்பை ஒத்திவைத்தவர். சோதனைச் செலவுக்குப் பொருளின்றி இடருற்றவர். நண்பர் சிலர் பொருள் கொடுத்துத் துணைநின்றமையாலேயே தம் கருவியை உருவாக்கியவர். தமக்கு நேர்ந்த அத்துன்பம் தம்மைப்போன்ற பிற அறிஞர்க்கும் நேருமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தை வருத்தியது. ஒரு கண்டுபிடிப்பால் வரும் ஊதியம் அடுத்த கண்டுபிடிப்புக்கு விதையாதல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

தமக்கு உதவிய நண்பர்களை அவர் மறக்கவில்லை. அமெரிக்காவின் மேலைப் பகுதியில் அம்முறையை நடத்தும் உரிமை அவர்கள்பால் நின்றது. ஏனைய பகுதிகளுக்குரிய காப்புரிமைகளை அறிவுப் பணிக்கே அளித்துவிட அவர் முன்வந்தார். வாஷிங்டனிலுள்ள சுமித்சோனியன் நிலையத்தை முதலில் அணுகினார். அந்நிலையத்தார் அவர் கொள்கையைப் போற்றினரெனினும், காப்புரிமை வாணிகத்தைத் தாமே நேராக மேற்கொள்ளத் தயங்கினர். அந்நிலையத்தின் செயலாளராயிருந்த சார்லஸ் வால்காட்டின் துணையோடு, 1912-ஆம் ஆண்டில் நியூயார்க்கு நகரில் ஆராய்ச்சிக் கழகம் ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அக்கழகம் வாணிகம் செய்யும். ஆயின் அதன் பங்கினர் எவரும் ஊதியத்திற் பங்கு பெறார். வரும் மிகைப்பொருள் முழுவதும் அறிவியல் ஆராய்ச்சிக்கே செலவிடப்படும். அறிவைத் தேடுவோர்க்கு அறிவே பொருள் தேடித்தரும் இம்முறை அந்நாளிற் புதுமையானது.

அக்கழகம் விதைத்தவை நன்கு விளைந்தன. 1931-ஆம் ஆண்டில் எர்னஸ்டு லாரன்சு என்னும் இளம் பேராசிரியர், அணுக்கருவை ஆராய்வதற்குரிய சைக்ளோட்ரான் என்னும் பெரும்பொறியை அமைக்கப் பொருளின்றி நின்றார். காட்ரெலின் முயற்சியால் ஆராய்ச்சிக் கழகம் அவருக்கு 5,000 டாலர் அளித்தது. அவரே 1939-ஆம் ஆண்டில் இயற்பியலுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார்.

காட்ரெலின் வழியைப் பின்பற்றினாரும் உளர். அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரிற் பிறந்த இராபர்ட் வில்லியம்சு என்னும் அமெரிக்கர், தீட்டிய அரிசியையே உண்பார்க்கு நேரும் பெரிபெரி என்னும் நோயைத் தடுக்கும் உயிர்ச்சத்தாகிய வைட்டமின் பி1-ஐ 1936-ஆம் ஆண்டிற் செயற்கையாக ஆக்கும் வழியைக் கண்டார். அவரும் தம் காப்புரிமையை அதே ஆராய்ச்சிக் கழகத்தின்பால் ஒப்படைத்தார். அதன் வருவாய், உணவுக் குறையால் வரும் நோய்களைப் போக்கும் பணிகளுக்கு உதவியது. ஒருவர் ஏற்றிய விளக்கில் மற்றொருவர் தம் விளக்கை ஏற்றிக்கொண்டமை இது.

பிற பணிகளும் இறுதியும்

1911-ஆம் ஆண்டிலேயே காட்ரெல் பல்கலைக் கழகத்தை விட்டு, அமெரிக்க அரசின் சுரங்கத் துறையிற் சேர்ந்திருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில், நிலத்தடி வாயுவினின்று ஹீலியத்தைப் பிரித்தெடுக்கும் பணியில் ஈடுபட்டார். எரியாத அவ்வாயு வான்கப்பல்களுக்கு ஏற்றது. 1920-ஆம் ஆண்டில் அத்துறையின் தலைவராகவும் விளங்கினார். 1922 முதல் 1930 வரை, காற்றிலுள்ள நைட்ரசனைப் பயிருரமாக்கும் வழிகளை ஆராயும் அரசு ஆய்வுக்கூடத்தை நடத்தினார். பெர்க்கின் பதக்கம், வில்லார்டு கிப்சு பதக்கம் முதலிய சிறப்புகள் அவரைத் தேடி வந்தன. எப்பதவியிலும் நெடுங்காலம் தங்கியிருத்தலை அவர் விரும்பினாரல்லர். ஊர்தோறும் சென்று அறிஞர்களைக் கண்டு, ஒருவர் கருத்தை மற்றொருவர்க்கு எடுத்துரைத்து, ஆராய்ச்சிகளை ஊக்குவதே அவருக்கு இன்பமாயிருந்தது.

1948-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 16-ஆம் நாள், பெர்க்லி நகரில் அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தில் அமர்ந்திருந்தபொழுதே காட்ரெல் உயிர் நீத்தார். அப்பொழுது அவருக்கு வயது எழுபத்தொன்று. வாழ்நாள் முழுவதும் அறிவவையை நாடிச் சென்றவர்க்கு அவ்வவையே இறுதி இடமும் ஆயிற்று.

காட்ரெல் மறைந்தார்; அவர் நிறுவிய ஆராய்ச்சிக் கழகம் இன்றும் இளம் அறிஞர்க்கு உதவி வருகிறது. நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களின் உயர்ந்த புகைபோக்கிகளுக்கு முன்னே, அவர் வகுத்த நெறியில் அமைந்த கருவிகள் சாம்பற்றூசியைத் தடுத்து நிறுத்துகின்றன. எண்ணெய் ஆலைகளின் கலங்களுள், கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் மின்புலத்திற் கூடிக் கீழிறங்குகின்றன. சிறு துளியாய்த் தனித்து நிற்குங்காறும் ஆற்றலின்றி மிதப்பவை, ஒன்றுகூடியபின் தமக்குரிய இடத்தை அடைகின்றன. தம் அறிவின் பயனைத் தமக்கென வைத்துக்கொள்ளாது பிறரோடு சேர்த்து வளர்த்த காட்ரெலின் வாழ்வும் அத்தகையதே. கற்றோர் பெறும் பொருள் கல்வியையே வளர்க்குமாறு செய்த அப்பெருமகனாரின் புகழ் நெடிது நிற்கும்.